குறை படத்திலா, உங்கள் டிவியிலா?

வீட்டில் படம் பார்த்துவிட்டு எழுதப்படும் விமர்சனங்களில் நான்கு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "டயலாக் காதுல விழல, மியூசிக் மட்டும் காதைக் கிழிக்குது." "ஒரே இருட்டு." "சீரியல் மாதிரி இருக்கு." "ரொம்ப ஸ்லோ." இதில் முதல் மூன்றும் பெரும்பாலும் படத்தைப் பற்றிய கருத்தே இல்லை. பார்த்த டிவியைப் பற்றிய கருத்து. பழி மட்டும் இயக்குநர் தலையில் விழுகிறது.

'கொட்டுக்காளி'யை எடுத்துக்கொள்வோம். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கம், 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ இன்ஜின், பைக், காற்று, பூச்சி, கட்டிப்போட்ட சேவல், சூரியின் கட்டிப்போன தொண்டை, இவைதான் அந்தப் படத்தின் இசை. அன்னா பென் நடித்த மீனா வாய் திறப்பதே அபூர்வம். வழியில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு வரும்போது அவள் அதை வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்த 'குற்றம்'. அதற்குத்தான் பாண்டி (சூரி) வெறி பிடித்தவன் மாதிரி இறங்கி அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து. அந்த முணுமுணுப்பு காதில் விழாவிட்டால் அவன் ஏன் வெடித்தான் என்பதே புரியாது. "திடீர்னு ஏன் அடிக்கிறான், லாஜிக்கே இல்லை" என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது கேட்டிருக்கும் என்பது சந்தேகம்தான். மின்விசிறி 5-இல் சுற்ற, சுவரில் ஒட்டி மாட்டிய 43 இன்ச் டிவியில் பார்த்தால் கேட்காது. அந்த டிவியின் ஸ்பீக்கர்கள் 10 வாட்ஸ் இரண்டு, அதுவும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். சத்தம் முதலில் சுவரோடு பேசிவிட்டு, மிச்சம் மீதிதான் நம்மிடம் வருகிறது.

டயலாக் அமுங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடிடி ஆப்கள் முடிந்தவரை 5.1 ஒலியைத்தான், அதாவது ஆறு தனிச் சேனலாகப் பிரித்த ஒலியைத்தான் அனுப்பும். 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் தனியாக இருக்கும். இசை இடது வலதில், சுற்றுப்புறச் சத்தம் பின்பக்க இரண்டில். தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரின் வேலை அநேகமாக வசனம் பேசுவது மட்டும்தான். வீட்டு டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். ஆறு சேனலையும் அந்த இரண்டுக்குள் திணிக்க வேண்டும். வழக்கமான கணக்கு இது: நடுச் சேனலை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் போடுவார்கள், பின்பக்கச் சேனல்களையும் 3 டெசிபல் குறைத்து அதன் மேலேயே கலப்பார்கள், ஆழமான பாஸுக்கான அந்த '.1' சேனலைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தனி அறையில் இருந்த வசனம் இப்போது மத்தளம், வயலின், மழைச் சத்தத்தோடு ஒரே பாயில் படுத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் மெதுவாகப் பேசுபவன்தான் தோற்பான்.

இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. ஆப்பில் ஆடியோ மெனுவைத் திறந்து பாருங்கள். '5.1' என்று போடாத தமிழ் ட்ராக் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது ஸ்டீரியோவுக்கென்று கலந்து வைத்தது, வசனம் மேலே நிற்கும். அடுத்து டிவியின் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்று ஒன்று இருக்கும். டிவி ஸ்பீக்கரோ இரண்டு சேனல் சவுண்ட்பாரோ என்றால் 'பிசிஎம்' வையுங்கள். உண்மையிலேயே 5.1 செட் வைத்திருந்தால் மட்டும் 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ'. பிறகு 'சரவுண்ட்', 'சினிமா சவுண்ட்' என்று என்ன பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நாலாபுறமும் சத்தம் வருவதுபோல் ஏமாற்ற அது ஒலியைக் கலைத்துப் போடுகிறது, வசனம் முதல் பலி. எல்ஜியில் 'கிளியர் வாய்ஸ்', சோனியில் 'வாய்ஸ் ஜூம்' இருந்தால் போட்டுப் பாருங்கள், ஆனால் ஒன்றிரண்டு படிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் எல்லோரும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவார்கள்.

சவுண்ட்பார் வாங்குகிறவர்கள் வாட்ஸைப் பார்த்து ஏமாறுவதுதான் வழக்கம். பார்க்க வேண்டியது முதல் எண். 2.1 என்றால் நடு ஸ்பீக்கர் இல்லை, 3.1 என்றால் உண்டு. வசனம் கேட்கவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால் 300 வாட்ஸ் 2.1-ஐவிட 120 வாட்ஸ் 3.1 மேல். வாங்கி வந்து ப்ளூடூத்தில் இணைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். ஒலி 0.1, 0.2 நொடி பிந்தி வரும். 24 பிரேம் படத்தில் 0.2 நொடி என்பது கிட்டத்தட்ட ஐந்து பிரேம். உதடு மூடிய பிறகு வார்த்தை வருகிறது, நம் மூளை அதை 'டப்பிங் மோசம்' என்று எழுதிக்கொள்கிறது. டிவியின் பின்னால் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும் ஹெச்டிஎம்ஐ துளை ஒன்றுதான் இருக்கும், வயர் அதில்தான் போக வேண்டும். பக்கத்துத் துளையில் செருகிவிட்டு சத்தமே வரவில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. சப்வூஃபரை அறையின் மூலையில் தள்ளி வைத்தால் குமுறும். ஓரடி ஒன்றரை அடி இழுத்து வையுங்கள், அளவையும் மூன்று நான்கு படி குறையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு 'சுழல்' முதல் சீசனை மறுபடி ஓடவிட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். மயானக் கொள்ளைத் திருவிழாவின் பறையும் கூட்டமும் இப்போது முகத்தில் அடிக்காமல் சுற்றி நிற்கும், கதிர் முணுமுணுப்பதும் புரியும். ஆனால் பின்னணி இசை ஓய்வே எடுப்பதில்லை என்ற குறை அப்படியே இருக்கும். ஒருவர் கதவைத் திறந்தாலும் அதற்கு ஒரு இசை, திறக்காமல் நின்றாலும் ஒரு இசை. பயப்பட நமக்கு நேரமே கொடுப்பதில்லை. இது டிவியின் தப்பு இல்லை, தொடரின் தப்பு. இப்படிப் பிரித்துச் சொல்ல முடிவதற்காகத்தான் இத்தனை செட்டிங்கும்.

'விலங்கு', 'அயலி' இரண்டும் இதில் விதிவிலக்கு. பஸ்ஸில் போன் ஸ்பீக்கரில் பார்த்தாலும் அவை நிற்கும். எழுத்திலும் வட்டார வழக்கிலும் ஓடுகிற தொடர்கள். 'விலங்கு' ஏழே எபிசோடில் முடித்துக்கொண்டதும் ஒரு புண்ணியம்.

அடுத்தது "சீரியல் மாதிரி இருக்கு". இது சுத்தமாக டிவியின் குற்றம். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கிறது. 24, 60-இல் சரியாக வகுபடாது. அதனால் ஒரு பிரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் மாற்றி மாற்றிக் காட்டும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது தெரிகிற லேசான திக்கல் அதுதான். அந்தத் திக்கலை மறைக்கிறேன் என்று கம்பெனிகள் ஒரு வசதியை வைத்து, அதை ஆன் செய்தே டிவியை விற்கின்றன. இரண்டு பிரேமுக்கு நடுவில் இல்லாத பிரேமை டிவியே கற்பனை செய்து செருகும். வழவழவென்று ஓடும், கிரிக்கெட்டுக்கு நன்றாக இருக்கும். படத்துக்குப் போட்டால் கோடிக்கணக்கில் எடுத்த காட்சியும் மதிய நேரத் தொடர் மாதிரி ஆகிவிடும், மேக்கப்பும் செட்டும் தனியாகத் தெரியும். டாம் க்ரூஸ் 2018-இல் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே போட்டார். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் ஆஃப். மெனுவில் தேடச் சோம்பலாக இருந்தால் படத்துக்கு 'ஃபிலிம்மேக்கர் மோட்' தேர்ந்தெடுத்துவிடுங்கள், அது இதைத் தானே அணைத்துவிடும். நிறம் மஞ்சளாகத் தெரிகிறதே என்று முதல் நாள் திட்டுவீர்கள். கடையில் கண்ணைப் பறிக்க வைத்த நீல வெள்ளைக்குக் கண் பழகியிருக்கிறது, இரண்டு மூன்று நாளில் தெளியும்.

'அடாலசென்ஸ்' பார்க்கிறவர்கள் இதை அவசியம் அணைக்க வேண்டும். நான்கு எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால் டிவி கற்பனை செய்யும் பிரேம்கள் அதிகம், கதவு நிலை, விரல் ஓரங்களில் நெளிவு தெரியும். மூன்றாவது எபிசோட் கிட்டத்தட்ட முழுக்க ஓர் அறை, ஒரு மேஜை, பையனும் உளவியலாளரும். அவள் ஹாட் சாக்லேட் கொண்டுவந்து கொடுக்கிறாள், பாதி சாண்ட்விச் கொடுக்கிறாள், பேச்சு தாழ்ந்த குரலில் போகிறது. திடீரென்று பையன் எழுந்து கத்துகிறான். அந்தக் கத்தலின் பயம் முழுக்க அதற்கு முன்னால் இருந்த தாழ்ந்த குரலுக்கும் அதற்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. இரவில் பார்க்கிறோம், பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார் என்று 'ஆட்டோ வால்யூம்' அல்லது 'நைட் மோட்' போட்டிருந்தால் டிவி முணுமுணுப்பைத் தூக்கி, கத்தலை அமுக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். பையன் ஏதோ சத்தமாகப் பேசினான், அவ்வளவுதான். இந்த மாதிரித் தொடருக்கு இரவில் ஹெட்போன்தான் வழி, முடிந்தால் வயர் உள்ளது.

இருட்டு விவகாரம் பழையது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனின் மூன்றாவது எபிசோட் 2019 ஏப்ரலில் வந்தபோது உலகமே ஒன்றும் தெரியவில்லை என்று கத்தியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், உங்கள் டிவியைச் சரியாக வையுங்கள் என்கிற மாதிரி பதில் சொல்லி இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் சொன்னதில் பாதி நியாயம். மறுபாதி, இருட்டுக் காட்சியைச் சுருக்கி அனுப்பும்போது கறுப்புக்குள் இருக்கும் நுணுக்கங்கள்தான் முதலில் தொலையும். கட்டம் கட்டமாகச் சாம்பல் திட்டு தெரிந்தால் அது ஒளிப்பதிவு இல்லை, இணைய வேகம். 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. அதன் பேசிக் திட்டத்தில் இருந்தால் வேகம் எவ்வளவு இருந்தாலும் 720பி தாண்டாது.

'மெய்யழகன்' பெரும்பகுதி இரவில் நடக்கிற படம். நீடாமங்கலத்துத் தெருவும் மஞ்சள் விளக்குமாக இருக்கும். ஒளிப்பதிவாளர் மகேந்திரன் ஜெயராஜு அந்த வெளிச்சத்தை எவ்வளவு கொஞ்சமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது டியூப் லைட் எரிகிற ஹாலில் தெரியாது. முதலில் திரையில் பிரதிபலிக்கிற விளக்கை அணையுங்கள். 'எனர்ஜி சேவிங்', 'ஈக்கோ சென்சார்' இரண்டையும் ஆஃப் செய்யுங்கள், அறை இருட்டானதும் திரையையும் மங்கலாக்குவது அதுதான். பிறகு 'பேக்லைட்'டை ஏற்றுங்கள். எல்லோரும் 'பிரைட்னஸ்'ஸைத்தான் ஏற்றுகிறார்கள், பல டிவிகளில் அது வெளிச்சத்தைக் கூட்டாது, கறுப்பைச் சாம்பலாக்கும், படத்தின் மேல் புகை படிந்த மாதிரி ஆகும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவதுதான் ஹெச்டிஆர். குறைந்த விலை டிவியில் அந்த முத்திரையும் ஒரு கண்கட்டு. பெரும்பாலும் 1000 நிட் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துச் செய்த படத்தை 300 நிட் திரையில் அடக்க, எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். ஹெச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷனில் 'டார்க்', 'பிரைட்' என்று இரண்டு இருந்தால் விளக்கு எரிகிற அறைக்கு 'பிரைட்'. ஃபயர் ஸ்டிக் வைத்திருந்தால் டிஸ்பிளே அமைப்பில் ஹெச்டிஆரையே அணைக்கலாம், அத்தகைய டிவிகளில் படம் சட்டென்று தெளியும்.

கறுப்புப் பட்டை பிடிக்காமல் ஜூம் அழுத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்கோப் படத்தை (டிவி திரையைவிட அகலமான வடிவில் எடுத்தது) திரை முழுக்க ஜூம் செய்தால் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு வெளியே போய்விடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு பேருக்கும் பாதி முகம்தான். பழைய படங்களில் நேரெதிர் கொடுமை. 4:3 படத்தை இழுத்து நிரப்பினால் சிவாஜியின் கன்னம் மூன்றில் ஒரு பங்கு அகலும். அந்தக் கன்னத்துக்கு அது தேவையில்லை.

இனி அந்த "ஸ்லோ". 'மெய்யழகன்' முதலில் வந்தபோது 2 மணி 57 நிமிடம். ஓடத் தொடங்கிய சில நாளில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். நெட்ஃபிளிக்ஸில் இருப்பது அந்த வெட்டிய வடிவம். வெட்டியும் இரண்டாம் பாதியின் பேச்சு கொஞ்சம் பாடம் நடத்துகிறது என்பது உண்மை. ஆனால் கல்யாண மேடையில் தங்கைக்கு அருள் நகை பூட்டிவிடும் இடத்தில், அருளாக நடித்த அரவிந்த்சாமி எடுத்துக்கொள்ளும் நேரம் அந்தக் காட்சிக்குத் தேவை. அதை 1.5 வேகத்தில் ஓட்டிவிட்டு "எமோஷன் ஒர்க் ஆகல" என்று எழுதுகிறவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசியாக, பிரைம் ஆப்பின் பிளேயர் அமைப்பில் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். 'கொட்டுக்காளி' பாண்டி என்ன முடிவெடுப்பான் என்பதைச் சொல்லாமல் நம் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது. அந்த நொடியில் திரை சுருங்கி, ஓரத்தில் ஒரு மாஸ் படத்தின் போஸ்டர் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தொடங்கும்.