குடத்தையும் கொஞ்சம் கேளுங்க தம்பி

பேண்டில் கஹோனும் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) ஜெம்பேயும் (ஆப்பிரிக்கக் கைமுரசு) வாசிக்கும் நம்மூர்த் தம்பியின் பேட்டி நன்றாக இருந்தது. தாளம் பழகியது கோயில் கொடைவிழாவில், நையாண்டி மேளத்துக்குப் பின்னால் நின்றுதான் என்கிறார். உண்மைதான், பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்த பாதிப்பேருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

ஆனால் உறுமியின் ஒலியைப் பதிந்து சேம்பிள் பேடில் (தட்டினால் பதிந்த ஒலி வரும் மின்கருவி) ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னாரே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு குச்சி அடிக்கும், வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும். அந்தத் தேய்ப்பில் அழுத்தம் கூடக்கூடக் குரல் ஏறும். பட்டனைத் தட்டினால் எப்போதும் ஒரே உறுமல்தானே வரும்?

அப்புறம், வில்லுப்பாட்டுக் குடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாமா குழுவில் இரண்டு வருஷம் குடம் அடித்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு கையில் மட்டை, குடத்து வாயில் அறைந்தால் 'தொம்'மென்று காற்று அடிவயிற்றில் இறங்கும். மறு கையில் காசு, குடத்தின் உடம்பில் தட்டினால் 'டிங்'. டிரம்ஸின் பேஸும் ஸ்னேரும் ஒரே மண்பானையில்! ஒரு சுடலைமாடன் கொடையில், நடுச்சாமத்தில், வேகம் தாங்காமல் குடத்தில் விரிசலே விழவைத்துவிட்டேன். புலவர் பாட்டை நிறுத்தவில்லை, வில்லில் அடிக்கும் வீசுகோலை ஓங்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். விடியும்வரை ஜால்ராதான் எனக்கு.

தம்பி அடுத்த மேடையில் கஹோன் பக்கத்தில் ஒரு குடத்தையும் வைக்கட்டும். மைக்கை மட்டும் குடத்து வாய்க்கு நேராக வைக்க வேண்டாம், காற்று அடித்து இரையும்.