'காப்' என்பது சுருக்கெழுத்து அல்ல

போலீஸாரைக் குறிக்கும் 'காப்' என்ற ஆங்கிலச் சொல், 'கான்ஸ்டபிள் ஆன் பேட்ரோல்' என்பதன் முதலெழுத்துகளால் ஆனது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

'காப்' முதலில் வினைச்சொல். 'பிடி', 'கைப்பற்று' என்ற பொருளில் 1704 வாக்கிலேயே வழக்கில் இருந்தது. லண்டன் பெருநகரக் காவல்துறை அமைந்ததோ 1829இல்தான். பிடிப்பவர் 'காப்பர்' ஆனார் (1846). அது தேய்ந்து 'காப்' ஆனது (1859). நீளமான வடிவம் முன்னால் வந்திருக்கிறது என்பதே சுருக்கெழுத்துக் கதையை உடைக்கப் போதும். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்குவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது இப்படி விரிவு சொன்னால் சந்தேகப்படலாம்.

'காப்பர்' என்றால் ஆங்கிலத்தில் செம்பு என்பதால், போலீஸ் சீருடையின் செம்புப் பொத்தானால் வந்த பெயர் என்று சொல்வதும் ஒட்டவில்லை, அது வினைச்சொல்லை விளக்காது. நம் 'காப்பவர்' ஒலிப்பில் நெருங்குவது தற்செயல்.

போலீஸாரைத் திட்டும் 'பிக்' (பன்றி) என்ற வசைச்சொல்லும் 1960களின் போராட்டங்களில் பிறந்ததல்ல. 1811இல் லண்டனில் வெளியான கொச்சைமொழி அகராதியிலேயே 'காவல் அதிகாரி' என்ற பொருள் இருக்கிறது. பிரிட்டனில் போலீஸாரைக் குறிக்கும் 'பாபி', 'பீலர்' இரண்டும் மட்டும் உண்மையிலேயே ஒரே ஆளிடமிருந்து வந்தவை: லண்டன் பெருநகரக் காவல்துறையை அமைத்த ராபர்ட் பீல்.