திங்கட்கிழமை லீவு

குமரேசன்: அக்கா, சிங்கப்பூர்ல சுத்திப் பாக்க மொத்தம் ஒன்பது இடம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்.

சரோஜா: யாரு?

குமரேசன்: நாமதான்.

சரோஜா: ஒன்றரைக்கு நான் கிளினிக்ல இருக்கணும்டா. உன்கூட இந்த உணவங்காடியில உக்காந்து ஒரு வாய் பிரியாணி சாப்பிடலாம்னு ஓடி வந்திருக்கேன்.

குமரேசன்: என்னக்கா இது! 'திங்கட்கிழமை லீவு'ன்னு நீங்கதானே மெசேஜ் போட்டீங்க? அதை நம்பி கான்ஃபரன்ஸையே விட்டுட்டு வந்திருக்கேன்.

சரோஜா: அதுக்கு மேல இருக்கிற மெசேஜைப் படி.

குமரேசன்: (ஃபோனைத் தேய்த்துத் தேய்த்து) 'தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு, வந்தா கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையம் இருக்கு, அவசியம் போய்ப் பாரு.'

சரோஜா: அடுத்தது?

குமரேசன்: 'திங்கட்கிழமை லீவு.'

சரோஜா: லீவு அந்த நிலையத்துக்கு. எனக்கு இல்ல.

குமரேசன்: அப்ப உங்களுக்கு எப்ப லீவு?

சரோஜா: நீ ஊருக்கு ஃப்ளைட் ஏறினதும்.

(ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சிங்கப்பூரில் குடியிருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அரசாங்கமே சம்பளம் கொடுத்து, சுற்றிக் காட்டும் வேலையில் வைத்திருக்கிறது என்று.)

சரோஜா: ஆமா, கான்ஃபரன்ஸ் என்ன ஆச்சு?

குமரேசன்: அது பாட்டுக்கு நடக்குதுக்கா.

சரோஜா: நேத்தாவது போனியா?

குமரேசன்: மதியம் போனேன். சாப்பாடு பிரமாதம்.

சரோஜா: சரி, பட்டியலைக் கொடு பாப்போம். இது என்னடா, மத்தியானம் ரெண்டரைக்கு நைட் சஃபாரி?

குமரேசன்: அந்த நேரத்துல கூட்டம் இருக்காதாம்.

சரோஜா: கதவும் திறந்திருக்காது. 1994ல ஆரம்பிச்சதிலேருந்து அது பொழுது சாய்ஞ்சப்புறம் மட்டும்தான். ராத்திரி முழிக்கிற மிருகத்தைக் காட்டத்தான் அந்த இடமே.

குமரேசன்: இந்த அட்டையைக் காட்டினா கொஞ்சம் முன்னாடியே விட மாட்டாங்களா?

(அட்டை என்றால் கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் மாநாட்டு அடையாள அட்டை. திருவிழாவில் தொலைந்துபோகும் பிள்ளைக்குப் பேர் எழுதி மாட்டிவிட்ட மாதிரி அதை அவர் வந்த நாளிலிருந்து கழற்றவில்லை. மாநாட்டு அரங்கைத் தவிர ஊரில் எல்லா இடத்தையும் அந்த அட்டை பார்த்துவிட்டது.)

சரோஜா: அடுத்து மூணு மணிக்கு செந்தோசா. நைட் சஃபாரி இருக்கிற மண்டாய் வடக்கே இருக்கு, செந்தோசா தெற்குக் கோடி. அரை மணி நேரத்துல எப்படிப் போவே?

குமரேசன்: மேப்புல பக்கத்துலதான்க்கா காட்டுது.

சரோஜா: உன் ஃபோன்ல இந்த ஊரே நாலு விரக்கடைதான். அங்க என்ன பாக்கப் போற?

குமரேசன்: பெரிய சிங்கம். 37 மீட்டர். உள்ள ஏறிப் போய் அதோட வாய்ல நின்னு கடலைப் பாக்கலாமாம்.

சரோஜா: அதை 2019லயே மூடி, அப்புறம் இடிச்சும் ஆச்சு. யாரு போட்ட பட்டியல் இது?

குமரேசன்: எங்க ஹெச்.ஓ.டி. சார். அவர் பத்துப் பதினோரு வருஷம் முன்னாடி ஒரு கான்ஃபரன்ஸுக்கு வந்தப்ப போட்டது. சிங்கப்பூர் வர்றவங்க கையில எல்லாம் ஒரு காப்பி கொடுத்தனுப்புவார்.

சரோஜா: அவரு கட்டுரை வாசிச்சாரா?

குமரேசன்: தெரியலக்கா. போட்டோவெல்லாம் நல்லா இருந்துச்சு.

சரோஜா: கைப்பையில என்ன அது, துண்டா?

குமரேசன்: மரினா பே சாண்ட்ஸ் மாடில நீச்சல் குளம் இருக்குல்ல, அதுக்கு.

சரோஜா: ஐம்பத்தேழாவது மாடி. அந்த ஹோட்டல்ல ரூம் போட்டவங்க மட்டும்தான் இறங்கலாம். மத்தவங்க டிக்கெட் வாங்கிட்டு பக்கத்துல நின்னு ஊரைப் பாக்கலாம்.

குமரேசன்: அட்டையைக் காட்டினா?

சரோஜா: துண்டைக் காட்டினாக்கூட விட மாட்டாங்க. எந்திரி.

குமரேசன்: ஏன்க்கா? இடம் நல்லா இருக்கே, ஃபேன் காத்து நேரா வருது.

சரோஜா: கையில என்ன வெச்சிருக்கே?

குமரேசன்: டிஷ்யூ பாக்கெட். மேஜையில கிடந்துச்சு. நல்ல ஊருக்கா, வர்றவங்களுக்குன்னு இலவசமா வெச்சிருக்காங்க. முகம் துடைச்சேன்.

சரோஜா: டேய், அது இலவசம் இல்ல. யாரோ இடம் பிடிச்சு வெச்சுட்டு சாப்பாடு வாங்கப் போயிருக்காங்க.

குமரேசன்: இதை வெச்சா?

சரோஜா: நீ டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டது இல்லையா?

குமரேசன்: துண்டுக்கு ஒரு மரியாதை இருக்குக்கா. இது நாலு காகிதம்.

சரோஜா: இப்ப ரெண்டு.

(இரண்டு கையிலும் தட்டு ஏந்தி ஒரு சீனத்துப் பெரியம்மா வந்து நின்றார். மேஜையைப் பார்த்தார். குமரேசனைப் பார்த்தார். கடைசியாகக் கழுத்து அட்டையைப் பார்த்தார். குமரேசன் எழுந்து நின்று, மீதி இரண்டு காகிதத்தையும் மடிப்புக் கலையாமல் அவரிடம் ஒப்படைத்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.)

குமரேசன்: அக்கா, அந்தத் தூணோரம் காலி. அட்டையை வெச்சு இடம் பிடிக்கட்டுமா?

சரோஜா: பிடி. இதுக்காவது ஆகட்டும்.

குமரேசன்: பிரியாணி எவ்வளவு?

சரோஜா: எட்டு வெள்ளி.

குமரேசன்: அறுபத்தஞ்சு ரூபான்னு வெச்சாலே ஐநூத்தி இருபது!

சரோஜா: நான்தானே வாங்கித் தர்றேன்? பெருக்காம சாப்பிடு. நேத்து எங்கெங்க போனே?

குமரேசன்: மெர்லயன், ஆத்தங்கரையில தண்ணி துப்புற அந்தச் சிங்கத் தலை மீன் சிலை. நான் என்னமோ மலை மாதிரி இருக்கும்னு நினைச்சேன். எட்டரை மீட்டர்தான் சொச்சம். ஏமாத்திட்டாங்க. ஆனா படம் அருமையா வந்திருக்கு. பாருங்க, அது துப்புற தண்ணி நேரா என் வாய்ல விழற மாதிரி.

சரோஜா: எத்தனை படம் எடுத்தே?

குமரேசன்: சரியா வர்ற வரைக்கும் எடுத்தோம். ஒண்ணுல மூக்குல விழுந்துச்சு. ஒண்ணுல காதுல. ஒரு மலேசியாக்காரர் பாவம், அவ்வளவு நேரம் நின்னு எடுத்துக் கொடுத்தார்.

சரோஜா: அந்தச் சிங்கத்தை 1972ல ஆத்து முகத்துவாரத்துல வெச்சாங்க. அப்புறம் எதுக்க பாலம் கட்டினதும் கடல் பக்கத்திலேருந்து பாத்தா தெரியாம மறைஞ்சிருச்சு. அதனால 2002ல 120 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் இப்ப இருக்கிற இடத்துல நிறுத்தினாங்க. எழுபது டன். எழுபது டன்னையே நகத்திட்டாங்க, உன்னை ஒரு செஷனுக்கு நகத்த முடியல.

குமரேசன்: அது பாட்டுக்கு நடக்குதுக்கா.

சரோஜா: சைனாடவுன் பக்கம் போனியா?

குமரேசன்: போனேன். சைனாடவுன்னு சொல்லிட்டு நடு ரோட்டுல மாரியம்மன் கோயில் கோபுரம் நிக்குது. கோயில்தான் நம்ம ஊர்லயே தெருவுக்கு நாலு இருக்கேன்னு உள்ள போகல.

சரோஜா: 1827ல எழுப்பின கோயில். நாராயண பிள்ளைன்னு ஒருத்தர். 1819ல, இந்த ஊரை உருவாக்கின வெள்ளைக்காரர் ராஃபிள்ஸ்கூட பினாங்கிலேருந்து கப்பல்ல வந்தவர். உன்னை மாதிரி அவரும் வேலை விஷயமா வந்தவர்தான்.

குமரேசன்: அப்பவே கான்ஃபரன்ஸ் இருந்துச்சா?

சரோஜா: (பதில் சொல்லாமல் ரைத்தாவைக் கலக்கினார்.)

குமரேசன்: சும்மா கேட்டேன்க்கா. சரி, நீங்களே சொல்லுங்க, ஒரே ஒரு இடம்னா எங்க போகலாம்?

சரோஜா: பொட்டானிக் கார்டன்ஸ்.

குமரேசன்: ஊட்டியில பாத்தாச்சு.

சரோஜா: இது 1859ல ஆரம்பிச்சது. 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. காலைல அஞ்சு மணிக்குத் திறந்தா ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இருக்கலாம்.

குமரேசன்: அட்டையைக் காட்டினா உள்ள...

சரோஜா: ஒண்ணையும் காட்ட வேண்டாம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட், மத்ததெல்லாம் இலவசம்.

குமரேசன்: இலவசமா? அப்ப அவ்வளவு நல்லா இருக்காதே.

சரோஜா: உங்க வீட்டுக் கூடத்துல முறுக்கு மீசையோட ஒரு படம் தொங்குதே, யாரு அது?

குமரேசன்: நம்ம கொள்ளுத்தாத்தா. மலாயாவுக்குப் போனவர்.

சரோஜா: எதுக்குப் போனாரு?

குமரேசன்: ரப்பர் எஸ்டேட்டுல பால் எடுக்க.

சரோஜா: அந்த ரப்பர் கன்னு 1877ல லண்டன்லேருந்து வந்து இறங்கினது இந்தத் தோட்டத்துலதான். அப்புறம் ரிட்லின்னு ஒரு வெள்ளைக்காரர் இங்க டைரக்டரா இருந்தாரு. மரம் சாகாம பட்டைய மட்டும் சீவி, திரும்பத் திரும்பப் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடிச்சது அவருதான். அதுக்கப்புறம்தான் மலாயாவுல காட்டை அழிச்சு அழிச்சு ரப்பர் நட்டாங்க, நம்ம ஊர்லேருந்து கப்பல் கப்பலா ஆள் ஏத்தினாங்க. மரம் சாகக் கூடாதுன்னு அவ்வளவு யோசிச்சாங்கடா. சீவப் போன ஆளுக்கு அப்படி யாரும் உக்காந்து யோசிக்கல. நீங்க வருஷா வருஷம் அந்தப் படத்துக்குச் சந்தனம் வெச்சு மாலை போடுறீங்க, சரி. இவ்வளவு தூரம் வந்துட்டு ஊட்டியில பாத்தாச்சுங்கிற.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். பக்கத்துக் கடையில் ஆப்பச்சட்டி சுழலும் சத்தம் மட்டும்.)

குமரேசன்: அங்க செல்ஃபி எடுக்க இடம் இருக்குமாக்கா?

சரோஜா: இருக்கும். சாப்பிட்டாச்சா? தட்டை எடு.

குமரேசன்: எங்க?

சரோஜா: அந்த ஓரத்துல தட்டு வைக்கிற ரேக் இருக்கு. ஹலால் தட்டுக்குத் தனி ரேக், பாத்து வை. 2021லேருந்து அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் எடுத்து வைக்கணும். வைக்கலைன்னா முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் அபராதம்.

குமரேசன்: நாமளே எடுத்து வெச்சுட்டா பாவம், சுத்தம் பண்றவங்களுக்கு வேலை போயிடாதாக்கா?

சரோஜா: வீட்டுலயும் இந்தக் கருணையாலதான் தட்டை எடுக்காம எந்திரிக்கிறியா?

(ஃபோன் அடிக்கிறது. குமரேசன் எண்ணைப் பார்த்து, தட்டை இடது கைக்கு மாற்றி, முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்.)

குமரேசன்: யெஸ் சார்... ஆமா சார்... ஹால்லதான் சார் இருக்கேன், பின்னாடி வரிசை... இல்ல சார், அது பிரியாணிக் கடைச் சத்தம் இல்ல, ஏசி சத்தம்... ஓ, மூணு மணிக்கா? மாத்திட்டாங்களா? சரி சார்.

சரோஜா: என்னவாம்?

குமரேசன்: என் கட்டுரையை இன்னைக்கே வாசிக்கணுமாம். இன்னைக்கு வாசிக்க வேண்டியவருக்கு நாளைக்குத்தான் ஃப்ளைட்டு வந்து சேருதாம், அவரு ஸ்லாட்டுல என்னைப் போட்டு என் ஸ்லாட்டுல... அக்கா, எனக்குப் படபடன்னு வருது. கான்ஃபரன்ஸ் நடக்கிற எக்ஸ்போ இங்கேருந்து எவ்வளவு தூரம்?

சரோஜா: மணி ஒண்ணேகால்தான் ஆகுது. பயப்படாதே. லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல டவுன்டவுன் லைன் ஏறு. நேரா எக்ஸ்போதான், மாறவே வேண்டாம். மூணு வெள்ளிக்குள்ள ஆகும். வழியில தண்ணி குடிக்காதே, ரயில்ல சாப்பிட்டாலும் குடிச்சாலும் அபராதம்.

குமரேசன்: கேட்டுல அட்டையைக் காட்டினா திறக்குமா?

சரோஜா: திறக்காது. பேங்க் கார்டைத் தட்டு. அந்த அட்டையைக் காட்டினா விடுற இடம் இந்த ஊர்லயே ஒண்ணே ஒண்ணுதான்.

குமரேசன்: எந்த இடம்க்கா? சொல்லவே இல்லையே!

சரோஜா: எக்ஸ்போ.

குமரேசன்: ரயில்லயெல்லாம் எனக்குப் பழக்கம் இல்லக்கா. வந்த நாள்லேருந்து டாக்சிதான். யாரு படி இறங்கி, லைன் கண்டுபிடிச்சு...

சரோஜா: உன் கட்டுரை எதைப் பத்திடா?

குமரேசன்: 'மாநகரங்களில் பொதுப் போக்குவரத்தை நோக்கி மக்களை ஈர்ப்பதற்கான வழிமுறைகள்.'

சரோஜா: ...

குமரேசன்: டாக்சி எந்தப் பக்கம்க்கா நிக்கும்?

சரோஜா: பின்னாடி வாசல்ல. போற வழியில கட்டுரையை ஒரு தடவை படிச்சுப் பாரு, உனக்கும் உபயோகமா இருக்கும்.