‘ஸ்டார்டஸ்ட்’ பாடல்களை எழுதியவர் வில்லி நெல்சன் அல்லர்

“வில்லி நெல்சன் தாமே எழுதிய பத்துப் பாடல்கள்தாம் ‘ஸ்டார்டஸ்ட்’ ஆல்பம். அதிலுள்ள ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ பாடலைத்தான் ரே சார்ல்ஸ் பிறகு நகலெடுத்தார்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இரண்டு வரியும் தவறு.

1978இல் வெளிவந்த அந்த ஆல்பம், அமெரிக்காவின் பழைய புகழ்பெற்ற பாடல்களை அந்நாட்டுப் பாடகரான நெல்சன் தம் குரலில் பாடிய தொகுப்பு. ‘ஜார்ஜியா’வுக்கு இசையமைத்தவர் ஹோகி கார்மைக்கேல், வரிகள் ஸ்டூவர்ட் கோரல். அது வெளிவந்த ஆண்டு 1930. நெல்சன் பிறந்ததோ 1933இல்! அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் அதைப் பாடிப் பதிவுசெய்தது 1960இல். பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆல்பத்திலிருந்து அவர் எப்படி நகலெடுத்திருக்க முடியும்? தலைப்புப் பாடலும் கார்மைக்கேலின் இசைதான். ‘செப்டம்பர் சாங்’ 1938இல் பிராட்வே (நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதி) இசை நாடகம் ஒன்றுக்காக கர்ட் வைல் இசையமைத்தது. ‘ப்ளூ ஸ்கைஸ்’ இர்விங் பெர்லினுடையது.

நெல்சன் நல்ல பாடலாசிரியர் என்பதில் ஐயமில்லை. பாடகி பாட்சி க்ளைன் பாடிப் புகழ்பெற்ற ‘கிரேஸி’ அவர் எழுதியதே. குழப்பம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

இசைத்தட்டில் ஒவ்வொரு பாடலுக்கும் கீழே எழுதியவர் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆன்லைனில் கேட்பவர்கள் பாடல் விவரப் பகுதியில் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.