மைக்கில் கேட்கிற கேள்வியா அது?

அந்த மண்டபத்து வீடியோ எனக்கும் நாலு குரூப்பில் வந்துவிட்டது. எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டு நாளாக எல்லாரும் அதைத்தான் பேசுகிறீர்கள். தங்கச்சி வயசுக்கு வந்ததற்குச் சீர். மாமன் வீட்டுத் தட்டெல்லாம் வந்து இறங்கியாச்சு. மைக் பிடித்தவர், ஓரமாகப் பன்னீர்ச் செம்போடு நின்ற அக்காளைப் பார்த்து, "சின்னவ முந்திக்கிட்டா, பெரிய அம்மிணிக்கு எப்பச் சீருங்க?" என்கிறார். மண்டபமே சிரிக்கிறது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறது.

அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அவளுக்கு 14 வயதாம். 14 வயதில் மாதவிடாய் வராதது மட்டுமே நோய் ஆகிவிடாது. பெண்பிள்ளைக்குப் பருவம் தொடங்குவது மார்பு வளர்ச்சியில். அது 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அதற்கப்புறம் இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய். 13 முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, அல்லது 15 ஆகியும் மாதவிடாய் வரவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், டாக்டரிடம். மைக்கிடம் இல்லை, ஒறம்பரை சொந்தபந்தங்களிடம் இல்லை, ஜோசியரிடமும் இல்லை.

எனக்கு 16 முடிந்து நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. இதை நான் இங்கே எழுதுவது இதுவே முதல் தடவை. தாராபுரம் பக்கம் எங்கள் ஊரில் பத்தாவது படிக்கும்போது என் வகுப்பில் எல்லாருக்கும் சீர் முடிந்துவிட்டது. அப்பத்தா தினமும் உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கும். பக்கத்து வீட்டில் ஒருவர் என் காதுபடவே "இருசியாட்டம் இருக்குது" என்றார். வயதாகியும் பூப்படையாத பெண்ணை இழிவாகச் சொல்லும் சொல் அது. அப்போது எனக்கு அர்த்தம் தெரியாமல் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

பதினைந்தரை வயதில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "நீங்க எத்தனை வயசுலம்மா ஆனீங்க?" அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "13ங்க" என்றார். அதை நம்பி ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தைராய்டு என்று மூன்று மாதம் அலைந்தோம். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கென்று தனி வயது உண்டு என்பது அப்போதுதான் தெரியும். என் எலும்புக்கு வயது 13 தான். டாக்டர் அம்மாவைத் தனியாக அழைத்து மறுபடி கேட்டார். அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னார்: அவருக்கும் 16 முடிந்துதான் வந்ததாம். யாருக்கும் தெரியக் கூடாது என்று அம்மாயி ஊரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பருவம் தள்ளிப்போவதற்கு அதிகம் காணப்படும் காரணமே இதுதான், குடும்ப வாகு. தானாகவே வந்துவிடும், காத்திருந்தால் போதும். அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதிப் பயம் போயிருக்கும். ஏன் சொல்லவில்லை? இப்படி மைக் பிடித்துச் சிரிக்கிறவர்களுக்குப் பயந்துதான்.

"விளையாட்டுக்குச் சொன்னதை ஏன் பெரிசு பண்றீங்க" என்று கேட்பீர்கள். விளையாட்டு என்றால் அந்தப் பிள்ளையும் சிரித்திருக்க வேண்டுமே.

"அந்தக் காலத்துல பதினாறு பதினேழுலதான் ஆனாங்க, தானா வந்துரும்" என்பது இன்னொரு பேச்சு. எனக்குத் தானாகத்தான் வந்தது, உண்மை. ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. எங்கள் சொந்தத்தில் ஓர் அக்கா, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சிறு வயதிலிருந்தே குட்டை. அப்பத்தா வாகு என்றார்கள். மாதவிடாயும் வரவில்லை. வெளியே தெரியாமல் மூடி மூடி வைத்தார்கள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய 22 வயதில்தான் முதல் பரிசோதனை. டர்னர் சிண்ட்ரோம். பெண்ணுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்று இல்லாமலோ குறையாகவோ இருப்பது. சுமார் 2,000 முதல் 2,500 பெண்குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். சிறு வயதிலேயே கண்டுபிடித்திருந்தால் உயரத்துக்கு ஊசி போட்டிருக்கலாம், சரியான வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்திருக்கலாம். இதயத்தையும் சிறுநீரகத்தையும் அப்போதே பார்த்திருக்க வேண்டும். எலும்பு கெட்டிப்படுவதில் பெரும்பகுதி வளரும் வயதில்தான் நடக்கிறது, அதற்கு அந்த ஹார்மோன் வேண்டும். அக்காவுக்கு இப்போது 38. சின்னதாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது.

சிலருக்குப் போதிய சாப்பாடு இல்லாததால் தள்ளிப்போகும், சிலருக்குத் தைராய்டால். சிலருக்கு மூளையிலிருந்து வர வேண்டிய உத்தரவே வராது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாசனையும் தெரியாது. சத்தியமங்கலத்து மல்லியை மூக்கருகே வைத்தாலும் ஒன்றும் தெரியாத பிள்ளையை "இவளுக்கு எல்லாத்துலயும் அலட்சியம்" என்று திட்டாதீர்கள். மாதாமாதம் வயிறு வலித்து, உதிரம் மட்டும் வெளியே வராமல் துடிக்கிற பிள்ளைக்கு வழி அடைத்திருக்கலாம், பெரும்பாலும் சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகும். இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பது? சிரிக்கிற மண்டபமா?

பையன்களையும் விட்டுவைப்பதில்லை. 14 வயதாகியும் விரை பெரிதாகத் தொடங்கவில்லை என்றால் காட்ட வேண்டும். மீசை கணக்கே இல்லை, அது பின்னால் வருவது. அவர்களிலும் பெரும்பாலோர் வெறும் தாமதம்தான். தேவைப்பட்டால் சில மாதம் ஊசி போடுவார்கள். என் தம்பி மகன் விடுதியில் குளிக்கிற இடத்துக்கே போக மாட்டேன் என்று ஒரு வருடம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தனியாகக் குளித்திருக்கிறான். அதுவும் இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான்.

"நம்ம பழக்கவழக்கத்தையே குறை சொல்றா" என்று கமெண்டில் வருவீர்கள். சீர் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தாய்மாமன் பச்சை ஓலைக் குடிசை கட்டுவதும், முறைக்காரர்கள் கூடுவதும் எனக்கும் பிடித்தவைதான். எனக்கு வைத்த சீரில் நானும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்று வந்த ஒவ்வொருவரும் அம்மாவிடம் "இப்பத்தான் நிம்மதியாச்சு" என்றார்கள். அதுவரை என்னை என்னவாக நினைத்திருந்தார்கள்? ஒரு பிள்ளையின் உடம்பு எப்போது என்ன செய்தது என்று ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்துச் சொல்வதால்தானே, சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளை ஓரமாக நிற்கிறது? இதை எழுத ஆரம்பித்தபோது எனக்கு இந்த எண்ணம் இல்லை. இப்போது இருக்கிறது. என் மகளுக்கு 11 வயது. அவள் சீருக்கு நான் மண்டபம் வாடகைக்கு எடுக்கப் போவதில்லை. வருத்தப்படுகிற மாமன்மார் வீட்டுக்கு வாருங்கள், சாப்பாடு போடுகிறேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "எழுது அம்மிணி. என்ர வயசையும் சேத்தியே எழுது."