அந்த 30 நாள் விதி

அமெரிக்கப் பெண்களின் உடல் உரிமை என்றால் கருக்கலைப்பு வழக்குகளைத்தான் நாம் பேசுகிறோம். பிள்ளை பெற்றுக்கொள்ளும் உரிமைக்காகப் போராடிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

1970-களின் தொடக்கம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் பொது மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குப் போன மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம், வலியில் துடிக்கும்போது நிரந்தரக் கருத்தடை அறுவை சிகிச்சைக்கான படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பெரும்பாலும் படிவம் ஆங்கிலத்தில். அவர்களுக்குத் தெரிந்ததோ ஸ்பானிஷ். சிலருக்குத் தனக்கு அறுவை சிகிச்சை நடந்ததே பிறகுதான் தெரிந்தது. அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவரே விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். 10 பெண்கள் வழக்குப் போட்டார்கள். வாதாடிய அந்தோனியா எர்னாண்டெஸ் அப்போதுதான் சட்டம் முடித்திருந்தவர்.

1978-இல் தோற்றார்கள். பிள்ளைப்பேறு இவர்கள் வாழ்வில் எவ்வளவு முக்கியம் என்று மானுடவியலாளர் ஒருவர் இவர்கள் தரப்பில் சாட்சி சொல்லியிருந்தார். நீதிபதி அதையே திருப்பிப் போட்டார்: இப்படியொரு விசித்திரப் பண்பாடு வேலை மிகுந்த டாக்டர்களுக்கு எப்படித் தெரியும்? படிக்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. வலியில் இருப்பவளிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள என்ன பண்பாட்டு ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது?

அதே காலத்தில் நியூயார்க்கில் குழந்தை மருத்துவர் ஹெலன் ரோட்ரிகஸ் ட்ரியாஸ் இதே பிரச்சினையைக் கையில் எடுத்தார். அவர் வேர் அமெரிக்க ஆளுகையில் உள்ள கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோ; அங்கே 1960-களிலேயே மணமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருத்தடை செய்திருந்தார்கள். அவரும் தோழிகளும் கேட்டது ரொம்ப எளிமையானது: தாய்மொழியில் விளக்கம், கையெழுத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவே 30 நாள். 1975-இல் நகரப் பொது மருத்துவமனைகளில் இது விதியானது. பிறகு மத்திய அரசு நிதியில் நடக்கும் கருத்தடைக்கும் வந்தது.

எதிர்த்தது டாக்டர்கள் மட்டுமல்ல, பெண்ணுரிமை அமைப்புகள் சிலவும்தான். வசதியுள்ள வெள்ளைப் பெண் கருத்தடை கேட்டால் டாக்டர் மறுத்த காலம் அது. அவர்களுக்கு 30 நாள் என்பது இன்னொரு தடை. அவர்கள் கோபம் நியாயமே. ஆனால் கேட்டும் கிடைக்காதவளின் சிரமத்தையும் கேட்காமலே கருக்குழாயை இழந்தவளின் இழப்பையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

இன்று அந்த விதியே சில ஏழைப் பெண்களுக்கு இடைஞ்சல். முன்கூட்டிப் படிவம் தராவிட்டால், பிரசவத்தோடு கருத்தடை செய்துகொள்ள விரும்பினாலும் முடிவதில்லை. சரி, மாற்றட்டும். ஆனால் மருத்துவமனைகளின் வசதிக்காக மாற்றக் கூடாது. அங்கே பிரசவத்துக்குப் போகும் பெண்களும் உட்கார்ந்து எழுத வேண்டிய விதி அது.