லாபம் வந்தவனுக்குத்தான் சலுகை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பனங்கிழங்கைத் தோலுரித்து இரண்டாகக் கிழிக்கிற மெஷின் ஒன்று செய்யவேண்டும் என்று மூன்று வருடமாக மண்டையை உடைக்கிறார். முதல் மெஷின் கிழங்கை நசுக்கியது. இரண்டாவது, நேரான கிழங்கென்றால் சரி, வளைந்தது வந்தால் முறித்துத் தள்ளும். மூன்றாவது மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. மோட்டார், பெயாரிங், பிளேட் என்று போன காசுக்கு இரும்புக்கடைப் பற்றுச்சீட்டுத் துண்டுகள்தான் சாட்சி.

அந்தத் துண்டுகளை வரிக் கணக்குப் பார்க்கிற பெடியனிடம் கொண்டுபோனார்.

"இதை ஆராய்ச்சிச் செலவெண்டு போடலாமோ தம்பி?"

"போடலாம் அண்ணை. எதில கழிக்கிறது? லாபமே இல்லையே!"

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 30 வீத வரி கட்டுகிற கம்பனி ஒன்று ஆராய்ச்சிக்கு 10 லட்சம் செலவழித்து, அதை 20 லட்சமாகக் கழிக்க விட்டால், வரியில் 6 லட்சம் மிஞ்சும். இந்தியா இப்படி 200 வீதம் கழிக்க விட்டுப் பார்த்தது. 2017இல் 150 ஆக்கி, 2020இல் 100க்கு இறக்கிவிட்டது. லாபம் உள்ளவனுக்கு இதெல்லாம் நல்ல கணக்கு. பட்டறைக்காரனுக்கு இரண்டு மடங்கென்றாலும் பத்து மடங்கென்றாலும் பூச்சியம்தான். இந்த வருட நட்டத்தை அடுத்த 6 வருடத்துக்குள் வருகிற லாபத்தில் கழிக்கலாம் என்கிறது எங்கள் இலங்கைச் சட்டம். சரி, அதுவரை பட்டறை திறந்திருக்க வேண்டுமே?

கனடாவில் சொந்த நாட்டுச் சிறிய தனியார் கம்பனிகளுக்குத் தகுதியான ஆராய்ச்சிச் செலவில் 35 வீதம் வரை வரி வரவாக, அதாவது கட்டவேண்டிய வரியிலேயே நேராகக் கழித்துக் கொடுக்கிறார்கள். கட்ட வரி இல்லையென்றால் காசாகவே கைக்கு வரும். நோர்வேயிலும் 2002இலிருந்து ஏறக்குறைய இதே ஏற்பாடு. எங்கள் சனம் பாதி அந்த நாடுகளில்தான் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

காசாகக் கொடுத்தால் கள்ளமும் வரும், மறுக்கவில்லை. பிரித்தானியாவில் சிறு கம்பனிகளுக்கான திட்டத்தில் ஒரு வருடம் போன காசில் ஏறத்தாழ கால்வாசி பிழையும் மோசடியும் என்று வரித் திணைக்களமே கணக்கிட்டது. பழைய மெஷினுக்குப் பெயின்ட் அடித்தவனும் விண்ணப்பம் போடுவான். அதனால் தொகைக்கு உச்சவரம்பு வையுங்கள். கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, இரண்டு பேர் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும்.

இலங்கையின் ஆராய்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டியே கிடக்கிறது என்று கூட்டங்களில் கவலைப்படுகிறார்கள். அண்ணையின் மூன்று வருடம் அதில் சேர்ந்திருக்காது. பெடியன் கடைசியில் எல்லாத் துண்டையும் 'திருத்த வேலை' என்றுதான் எழுதினான்.